கூடத்தில் கடல் வேண்டுமா?

போன மாதம் ஒரு அம்மா தன் கல்லூரி மகனைக் கூட்டிக்கொண்டு காரைக்காலில் என் கிளினிக்குக்கு வந்தார். பையனின் புறங்கையில் சிவந்த கட்டி. ஆறு வாரமாக ஆறவில்லை. "பத்துப் போட்டாச்சு, களிம்பும் தடவியாச்சு, போகவே மாட்டேங்குது சார்" என்றார்.

"தம்பி, வீட்ல மீன் தொட்டி இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. கடல்நீர்த் தொட்டி! உள்ளே உயிருள்ள பவளமும்!

காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று மீன் தொட்டி நீரில் வாழும். கையில் கீறல் இருந்தால் அது வழியாகப் புகுந்து இப்படிக் கட்டியாகும். சதைப் பரிசோதனையும் பல வார ஆன்ட்டிபயாடிக்கும் தேவை என்பதால் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். அதோடு, பவளத்தை வனத்துறையிடம் ஒப்படைக்கவும் சொன்னேன்.

மீன் வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை வாசகர்களே. பத்து நிமிடம் தொட்டி முன் உட்கார்ந்தால் மனசு லேசாகும். உயிர்ப் பவளம் மட்டும் வேண்டாம்.

முதல் காரணம், சட்டம். பாறை கட்டும் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்குள்ள அதே பாதுகாப்பு!

இரண்டாவது, நம் கடலின் நிலை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 2016-ல் கடல் சூடேறியதில் மிச்சமிருந்த பவளமும் வெளுத்து, கணிசமாக மடிந்தது.

மூன்றாவது, உங்கள் உயிர். பொத்தான் போலிருக்கும் சில மென்பவளங்களில் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டுத் தேய்த்தால் ஆவியிலேயே நஞ்சு ஏறும். 2018-ல் இங்கிலாந்தில் ஒரு குடும்பமும், உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் இப்படித்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

"நீங்க மட்டும் பவள பற்பம் கொடுக்கறீங்களே சார்?" என்று பையன் மடக்கினான். நியாயமான கேள்விதான். மருந்துக்கு உரிய சிவப்புக் கொடிப் பவளம் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் கிடைப்பது. அதுவும் அருகித்தான் வருகிறது. அதனால் சங்கு பற்பமோ முத்துச்சிப்பி பற்பமோ போதும் என்றால் நான் பவளத்தைத் தொடுவதில்லை.

சரி, தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

200 லிட்டர் தொட்டிக்கு சுமார் 7 கிலோ கடல்மீன் உப்புக் கலவை பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. சமையல் உப்பு உதவாது. அரசலாறு கலக்கும் நம் கடற்கரையில் குடத்தில் மொண்டு வரவும் வேண்டாம். மழைக்காலத்தில் சேறும் நன்னீரும் கலந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரே நல்லது.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் அவசரப்பட்டு மீன் விடாதீர்கள். கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா பெருக அவ்வளவு நாள் ஆகும்.

வெப்பம் 26 டிகிரி அளவில் இருக்கட்டும். மே மாதத்தில் இது லேசுப்பட்ட காரியமில்லை. கரண்ட் போனால் காற்றூட்ட பேட்டரி பம்ப் அவசியம்.

செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு நல்லது என்போம். இறாலுக்கும் நண்டுக்கும் செம்பு நஞ்சு.

அலங்காரத்துக்குச் செயற்கைப் பவளம் போதும். பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் விஞ்ஞானிகள் அவற்றைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

கையில் கீறல் இருந்தால் தொட்டியில் கை விடாதீர்கள். கையுறை போடுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைக்காரர் ரகசியமாக, "உயிர்ப் பவளம் வந்திருக்கு, வேணுமா?" என்பார். "அது கடல்லயே இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.