எழுதிக் கொடுத்தீர்களா?

ஒரு தெருவிளக்கு எரியவில்லை. நாளிதழில் இடம்பெறும் அளவுக்கு அது பெரிய செய்தியன்று. ஆனால், மாலை வகுப்பு முடிந்து நடந்து வரும் மாணவிக்கும் விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய்க்கும் அதுவே பெரிய கவலை. ஒரு சிறு பட்டணத்தில் இத்தகைய விளக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் சொல்லியாச்சு" என்பார்கள். யாரிடம் சொன்னார்கள்? ஒருவர் மளிகைக் கடைக்காரரிடம் சொல்லியிருப்பார். இன்னொருவர் கோயில் தலைவரிடம் சொல்லியிருப்பார். வேறொருவர் திருமண விருந்தில் சந்தித்த அரசியல் பிரமுகரிடம் சொல்லியிருப்பார். சொன்னவர்கள் பலர்; எழுதிக் கொடுத்தவர் ஒருவருமில்லை.

ஊராட்சி மன்றத்தின் அன்றாட அலுவல்கள் எழுத்தின் வழியே நடைபெறுகின்றன. எனவே, எழுதிக் கேட்கும் பழக்கத்தை நம் சமூகம் கைக்கொள்ள வேண்டும். அதற்கு இளையோரே வழிகாட்ட வேண்டும் என்பது என் கருத்து.

சிலாங்கூரின் வடகோடியில் கலும்பாங் இருக்கிறது. கோல குபு பாருவிலிருந்து முதலாம் கூட்டரசுச் சாலையில் வடக்கே சென்றால், கெர்லிங்கைத் தாண்டியதும் கலும்பாங் வரும். இன்னும் சற்றுத் தொலைவு போனால் பெர்ணம் ஆறும் அதற்கப்பால் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிமும் வந்துவிடும். ஒரு காலத்தில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் இவ்வட்டாரத்துத் தமிழரின் வாழ்வைத் தாங்கின. இப்பகுதியை நிர்வகிக்கும் உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் தலைமையகம் கோல குபு பாருவில் உள்ளது. பட்டணம் ஓரிடத்தில், அலுவலகம் வேறோர் இடத்தில் என்னும்போது, வாய்வழிச் சொல் வழியிலேயே தொலைந்துபோவதில் வியப்பில்லை.

வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? தோட்ட வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். லயத்துக் கூரை ஒழுகினால் தண்டலிடமோ மண்டோரிடமோ சொல்வார்கள். அவர் கிராணியிடம் சொல்வார். கிராணி துரையிடம் சொல்வார். துரைக்கு மனமிருந்தால் கூரை சீராகும். அங்கே கேட்பது உரிமை என்பதைவிட, கொடுப்பது கருணை என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்த பிறகும் அந்த எண்ணம் நம்மோடு வந்துவிட்டது. தண்டல் இருந்த இடத்தில் இப்போது வேறொரு பெரியவரை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இதன் விலையை நான் என் வீட்டிலேயே கண்டேன். தோட்டத்திலிருந்து ஒரு சிறு பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த என் பாட்டி, வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை எல்லாம் ஒரு மைலோ டின்னில் பத்திரமாகப் போட்டு வைப்பார். மலாய்மொழியில் இருந்த அக்கடிதங்களை அவரால் படிக்க இயலாது. நான் இரண்டாம் படிவத்தில் பயின்ற ஆண்டில், ஒருநாள் அந்த டின்னைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றுள் ஒன்று, வீட்டின் மதிப்பீடு உயர்த்தப்படவிருப்பதாக அறிவித்தது. மறுப்பு இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. அந்த நாள் கடந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. "நீதான் படிக்கிறியே சாமி, முன்னாலேயே பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் பாட்டி. அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆயினும், அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அந்தக் கடிதத்தின் பின்னணியில் ஒரு சட்டம் இருந்தது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது 171-ஆம் சட்டம், மதிப்பீட்டு வரியை எவ்வாறு விதிக்க வேண்டும் என்பதை வரையறுக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. நடைமுறையில் அது தள்ளிப்போவதும் உண்டு. பட்டியலில் தம் வீட்டின் மதிப்பு மிகையாக உள்ளது என்று கருதுபவர், அப்பட்டியல் மறுஆய்வு செய்யப்படும் நாளுக்குப் பதினான்கு நாள்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். மன்றம் அவரது வாதத்தைக் கேட்டாக வேண்டும். அதன் முடிவிலும் நிறைவு ஏற்படாவிட்டால் உயர் நீதிமன்றம் வரை செல்லலாம். இத்தனை வாய்ப்புகளும் என் பாட்டிக்கு இருந்தன. ஆனால், அவை அனைத்தும் ஒரு மைலோ டின்னுக்குள் மூடிக் கிடந்தன.

எழுதுவதற்கு முன், யாருக்கு எழுத வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். குப்பை, பட்டணத்துக் கால்வாய், அங்காடிக் கடை உரிமம், மதிப்பீட்டு வரி ஆகியவை நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. நிலவரிக்கு மாவட்ட நில அலுவலகத்தை நாட வேண்டும். கூட்டரசுச் சாலையில் குழி விழுந்தால் பொதுப்பணித் துறைக்கு எழுத வேண்டும். ஆறு கரை உடைத்தால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. குழாயில் நீர் வராவிட்டால் ஆயர் சிலாங்கூர். தோட்டத்திற்குள் நிலைமை வேறு. அங்குள்ள சாலையும் குடியிருப்பும் பெரும்பாலும் நிறுவனத்திற்குச் சொந்தமான நிலத்தில் இருப்பதால், அவற்றைப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமையாகும். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகளை 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் வரையறுத்துள்ளது. அதனைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. தவறான அலுவலகத்தில் பத்து முறை முறையிடுவதைவிடச் சரியான அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதுவது பயன் தரும்.

"நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத மன்றம் நம் பேச்சை ஏன் கேட்கப் போகிறது?" என்று சிலர் வினவலாம். இது நியாயமான வினா. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் இருந்ததுண்டு. 1951-இல் ஜார்ஜ் டவுனிலும் 1952-இல் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. அதே 1952-இல் இயற்றப்பட்ட உள்ளூர் மன்றச் சட்டம், சிற்றூர்களும் புதுக்கிராமங்களும் தங்கள் மன்றங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழிவகுத்தது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965-இல், இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அதே ஆண்டில் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர். மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மன்றங்களுக்கே அவ்வாணையம் ஆதரவு தெரிவித்தது. எனினும், அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எட்டு முதல் இருபத்து நான்கு வரையிலான மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

தேர்தல் மீண்டும் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. அதை நீங்கள் வளர்ந்து, ஆராய்ந்து, முடிவு செய்யுங்கள். ஆனால், வாக்குரிமை இல்லை என்பதற்காக, இருக்கின்ற உரிமைகளையும் கைவிடுவது அறிவுடைமையாகாது. மன்றத்தின் முழுக்கூட்டம் மாதந்தோறும் நடைபெற வேண்டும். மன்றமே வேறுவகையாகத் தீர்மானித்தாலன்றி, அக்கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். சிலாங்கூர் மக்களுக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. 2011-இல் மாநிலச் சட்டமன்றம் தகவல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டிலேயே இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் சிலாங்கூர்தான். ஊராட்சி மன்றங்களும் அதில் அடங்கும். இந்த இரு கதவுகளையும் நம்மில் எத்தனை பேர் தட்டியிருக்கிறோம்? வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில், கடிதமே குடிமகனின் குரலாகும்.

ஊர்ப் பொதுக்காரியத்தை எழுத்தில் வைப்பது தமிழருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கோயில் சுவரில் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற குழுக்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தகுதி பெற முடியாது. அச்சபையில் இடம்பெறும் தகுதி, நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்கே இருந்தது. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஏரியைத் தூர்வாருவதும் தோட்டத்தைப் பேணுவதும் கல்லில் எழுதிவைக்கத் தக்க காரியங்கள் என்று அவ்வூரார் கருதினர். இன்று நம் ஊர்க் கால்வாயும் தெருவிளக்கும் ஒரு தாளில் எழுதவும் தகாதவையா?

எழுதினாலும் பதில் வருவதில்லை என்பது மற்றொரு மனக்குறை. அதுவும் சில வேளைகளில் உண்மையே. ஒரே கடிதத்தில் எல்லாம் நடந்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால், வாய்ச்சொல்லுக்கும் கடிதத்திற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. வாயால் சொன்னதை "யாரும் சொல்லவில்லையே" என்று மறுத்துவிடலாம். நாளிட்டுப் பதிவுசெய்யப்பட்ட முறையீட்டை அவ்வாறு மறுக்க இயலாது. முதல் கடிதத்திற்குப் பதில் வராவிட்டால், அதன் நகலை இணைத்து இரண்டாவது கடிதம் எழுதலாம். நகராண்மைக் கழக உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு கடிதமும் முந்தைய கடிதத்திற்கு வலு சேர்க்கிறது. அலுவலருக்கும் இது உதவியே. எந்தத் தெரு, எந்தக் கம்பம் என்று தெரியாமல் அவர் எங்கே ஆளை அனுப்புவார்?

இதற்குப் பெரிய புலமை தேவையில்லை. பள்ளியில் நீங்கள் பயிலும் அலுவல் கடிதமே போதும். இடம், விளக்குக் கம்பத்தின் எண், எந்த நாளிலிருந்து எரியவில்லை, யாருக்கு என்ன இடர், உங்கள் பெயரும் தொடர்பு எண்ணும் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். தமிழில் தாத்தா பாட்டி சொல்வதைக் கேட்டு, மலாய்மொழியில் எழுத உங்களால் முடியும். இரண்டு மொழிகளிலும் புழங்கும் திறன் தேர்வில் புள்ளி பெறுவதற்கு மட்டும் உரியதன்று. அத்திறன் இல்லாத காரணத்தால் வீட்டிலேயே அடைபட்டுப் போன குரல்களை அலுவலக மேசை வரை கொண்டு சேர்க்க வல்லது அது.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் கடிதங்கள் கிடக்கும் டின்னையோ இழுப்பறையையோ திறந்து பாருங்கள். பெரியவர்களின் அனுமதியோடு ஒவ்வொன்றையும் படித்து, அதன் பொருளை அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கேட்கும் கடிதம் இருந்தால், அந்த நாளை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். பிறகு தெருவுக்கு வாருங்கள். எரியாத விளக்கைக் காட்டி யாரேனும் "சொல்லியாச்சு" என்றால், பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "எழுதிக் கொடுத்தீர்களா?" இல்லை என்று அவர் தலையசைத்தால், பேனாவை எடுக்க வேண்டியவர் நீங்கள்தாம்.