வரப்பில் கிடக்கும் பெர்முடா

சூலக்கரையிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். பிள்ளைகள் பந்தாடும் பொட்டலில் புல் வளர்க்க வேண்டுமாம். "நாற்றுப் பண்ணையில் விசாரித்தால் பெர்முடா என்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எந்தப் புல் சிலாக்கியம்?" என்பது அவர் முறையீடு.

நேயர் ஊர் வரப்பைச் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். பெர்முடா அங்கேயே கிடக்கிறது! தாவர நூலார் சினோடான் டாக்டிலான் என்பதும், வடநாட்டார் தூப் என்பதும், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லையேதான். அது பெர்முடாத் தீவில் பிறந்ததன்று. அங்கே குடியேறிப் பெயர் மாற்றிக்கொண்டது. அதை ஆப்பிரிக்க இனம் ஒன்றுடன் கலந்து ஒட்டு ரகங்களும் உண்டாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டிப்டனில் 1960-இல் வெளிவந்த 'டிப்வே' அவற்றுள் பிரசித்தமானது. பெரிய பந்தய மைதானங்களுக்கு அது பொருந்தும். ஊர்ப் பொட்டலுக்கு வரப்பு அருகே போதும்.

கரிசல் காட்டுச் சம்சாரிக்கு அருகு என்றால் ஆகாது. எவ்வளவு பிடுங்கினாலும் மண்ணுக்குள் ஒரு கணு மிஞ்சினால் மறுபடி தலை தூக்கிவிடும். வயலில் துஷ்டத்தனமாகத் தோன்றும் அந்தக் குணமே மைதானத்தில் மகா உத்தமம். தரைக்கு மேல் கொடி, தரைக்குக் கீழ் தண்டு. மிதிபட்ட இடம் தானே மூடிக்கொள்ளும். கோடையில் வைக்கோல் நிறமாகும்; ஆனால் சாகாது. மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். கொரியன் புல் கண்ணுக்குக் கம்பளம்தான். பந்தாட்டத்தில் பட்ட காயம் ஆற வெகு நாளாகும். அருகுக்கும் ஒரு குறை உண்டு: வேப்பமர நிழலில் அது தேறாது.

இனி, தண்ணீர்க் கணக்கு. 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலமுள்ள கால்பந்து மைதானத்துக்கு வாரம் 25 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சினால் 1,78,500 லிட்டர் ஆகிறது. பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் 11,900 குடங்கள்! கோடையில் தாய்மார்கள் குடத்துடன் காத்திருக்கும் சீமையில் இது நியாயமா? 2016-இல் மராட்டிய நாட்டு லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போயிற்று. அவ்வாண்டே பம்பாய் உயர்நீதிமன்றம், ஏப்ரல் 30-க்குப் பிந்திய ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயங்களை அம்மாகாணத்துக்கு வெளியே நடத்தும்படி உத்தரவிட்டது.

ஆகவே, ஐப்பசி மழையை நம்பி நடுவதே விவேகம். முன்னதாகக் கோரைக் கிழங்கைப் பொறுக்கி எறிய வேண்டும். கரிசல் வெடித்துப் பிள்ளைகளின் கால் பிசகாதபடி மேல்மண்ணில் மணலும் மக்கிய எருவும் கலந்து சமன் செய்ய வேண்டும். இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளை அரைச் சாண் இடைவெளியில் ஊன்றலாம். வேர் பிடிக்கும் வரை மண் உலர விடலாகாது. புல் தரையை மூடும் வரை பிள்ளைகள் பொறுத்திருக்க வேண்டும். பிறகு தினமும் தெளிப்பதைவிட, எப்போதாவது ஆழ நனைப்பதே மேல். வேர் நீரைத் தேடி இறங்கும்.

சித்திரையில் மைதானம் பழுப்பேறினால் நேயர் வெட்கப்பட வேண்டாம். வறண்ட பூமிக்கு அதுவே யோக்கியமான நிறம். குடத்து நீர் வீட்டுக்குப் போகட்டும். பிள்ளைகள் பழுப்புப் புல்லிலேயே ஆடட்டும். ஐப்பசியில் அருகு தன் வாக்கைக் காப்பாற்றும்.