மாலை மின்சாரம் யாருக்கு?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்கத்தாவில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 'லோட்ஷெடிங்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பொழுது சாய்ந்தால் விளக்கு போகும்; அரிக்கேனைத் துடைத்து வைத்துக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவோம். அன்று மின்சாரமே போதவில்லை. இன்று கதை வேறு. சூரிய ஒளி மின்சாரம் நண்பகலில் மிகுந்து கிடக்கிறது. தேவை ஏறும் மாலையில் அது இல்லை. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிப்பது எப்படி என்பதே இன்றைய பிரச்சினை.

வழி தெரியாத பிரச்சினையல்ல. நாம் வாழும் வங்காளத்திலேயே, புருலியா மாவட்டத்து அயோத்தியா மலையில், 900 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 2008 முதல் ஓடுகிறது. மின்சாரம் மிகும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். வீட்டு மாடித் தொட்டியின் கணக்குத்தான். நான்கு யூனிட் செலவிட்டால் ஏறக்குறைய மூன்று திரும்பும். வீணாகப் போவதில் முக்கால் பங்கு மிஞ்சினால் லாபந்தானே! நம் ஊர்ப்பக்கம் ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இதற்கும் மூத்தது. 1987-இல் ஓடத் தொடங்கியது. இரண்டையும் கட்டியவை அரசின் மின்துறைகளே.

இப்போது தனியார் முதலீட்டை அழைக்கிறது மத்திய அரசு. 2023 ஏப்ரலில் வெளியான நெறிமுறைகள் நீரேற்றுத் திட்டங்களுக்குச் சலுகைகளை அடுக்குகின்றன: முன்பணம் கேட்கக் கூடாது, இலவச மின்சாரம் கேட்கக் கூடாது, வட்டார வளர்ச்சி நிதியும் கேட்கக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில், 4000 மெகாவாட் மணி மின்கலச் சேமிப்புக்கு மூலதனச் செலவில் 40 சதவீதம் வரை அரசு தருவதாக மந்திரிசபை முடிவெடுத்தது. அதில் 85 சதவீதமாவது விநியோக நிறுவனங்களுக்குச் சேர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நல்ல நிபந்தனை. ஆனால் விநியோக நிறுவனத்தோடு அது நின்றுவிடுகிறது; நம் மீட்டர் வரை வரவில்லை.

மீட்டரைப் பற்றி 2023 ஜூனில் வேறொரு விதி வந்தது. நேரத்துக்கு நேரம் கட்டணம்: வெயில் நேரத்தில் 20 சதவீதம் குறைவு; உச்ச நேரத்தில் வீடுகளுக்குக்கூட 10 சதவீதமாவது கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீட்டுக்கெல்லாம் இது பொருந்தும் என்கிறது விதி. வேலைக்குப் போகிறவன் வீட்டில் நண்பகலில் யார் மின்விசிறி போடுகிறார்கள்? நாம் வீடு திரும்புவதும் பிள்ளைகள் படிப்பதும் சமையலும் மாலையில்தான். மலிவு நேரம் நமக்கு ஆகாது. விலை ஏறும் நேரமே நம் நேரம். பொதுப்பணத்தில் சேமித்த மின்சாரம் அந்த நேரத்து விலையைக் குறைக்காவிட்டால், எதற்காகக் கொடுத்தோம்?

மலைமக்கள் கணக்கும் இருக்கிறது. அயோத்தியா மலையிலேயே துர்கா ஓடையில் இன்னொரு 1000 மெகாவாட் திட்டம் வருகிறது. தங்கள் ஒப்புதலைச் சட்டப்படி பெறவில்லை என்று ஆதிவாசிக் கிராமத்தார் கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை போனார்கள். காடு இழப்பவர்களுக்கு வட்டார நிதியும் வேண்டாம் என்று எழுதி வைப்பது எந்த நியாயம்? பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்த நமக்கு இந்த வேதனை புரியாததல்ல.

சேமிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும், விரைவாக வேண்டும். ஆனால் அரசு மானியம் பெறும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மாலை நேர விலைக்கு உச்சவரம்பு எழுதப்பட வேண்டும். காடு இழக்கும் கிராமத்துக்கு நிரந்தர வேலையும் வட்டார நிதியும் தரப்பட வேண்டும்.

மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் கட்டண மனு வரும்போது யாரும் எழுத்தில் ஆட்சேபணை தரலாம். வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதச் சங்கத்தில் ஆள் உண்டு. உறுப்பினர்கள் மூன்று மாத மின்ரசீதுகளைக் கொண்டுவந்து தரவும். துணை மீட்டரில் வீட்டுக்காரரிடம் பணம் கட்டும் குடும்பங்கள், யூனிட்டுக்கு என்ன விலை வாங்குகிறார் என்பதையும் குறித்துக் கொடுக்கவும்.