சுமை எங்கும் கிடைக்கிறது, ஓய்வுதான் கிடைப்பதில்லை

கல்வியாண்டு தொடங்கும் மாதங்களில் இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களைச் சுற்றியுள்ள மின்கம்பங்களில் ஒரே வகை விளம்பரம் தொங்கும். மூன்று மாதச் சந்தாவுக்கு ஒரு விலை, ஓராண்டுச் சந்தாவுக்குச் சலுகை விலை. சலுகையில் மயங்கிய ஆய்வு மாணவர் ஓராண்டுக்குப் பணம் கட்டுகிறார். மூன்று வாரம் போகிறார். அதற்குள் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் கழுத்தைப் பிடிக்கிறது. மீதிப் பதினோரு மாதமும் தன் மனவுறுதியைத் தானே பழித்துக்கொள்கிறார். அவர் வராமல்போவது உடற்பயிற்சிக்கூடத்துக்கு நட்டமில்லை. சந்தா கட்டிய அனைவரும் ஒரே மாலையில் வந்து நின்றால் அங்கே நிற்கவும் இடமிராது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பகலில் கருத்தரங்க மேடையில் வாழ்வின் ஒவ்வொரு கூறும் விற்பனைச் சரக்காவதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசும் அறிஞர், தன் தோளின் வலுவையும் மூச்சின் நீளத்தையும் கடையில்தான் வாங்க முடியும் என்று மாலையில் நம்புகிறார். ‘ஜிம்முக்குப் போக வசதியில்லை, அதனால் உடம்பு இப்படி’ என்ற வாக்கியம் விடுதிகளிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் ஐயத்துக்கிடமற்ற உண்மையாக உலவுகிறது. அது உண்மையன்று. அந்த வாக்கியத்தின் பிற்பாதி மட்டுமே மெய். முற்பாதி சந்தை கற்றுக்கொடுத்த பாடம்.

தசைக்கு விலைப்பட்டியல் தெரியாது. அது அறிவது தன்மீது விழும் இழுவிசையை மட்டுமே. பழகியதைவிடச் சற்றே கூடுதலான சுமை, அதன்பின் ஓய்வு, அந்த ஓய்வில் உணவு: வலுவின் இலக்கணம் இவ்வளவுதான். பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களில் கூடும் வலுவின் பெரும்பகுதி, இருக்கும் தசைகளைத் திரட்டிப் பயன்படுத்த நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது அதன் பின்னரே. தரையில் எடுக்கும் ஒரு தண்டாலில் உடலெடையின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளின்மேல் நிற்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு முறையும் சுமார் 40 கிலோவைத் தள்ளி எழுகிறார். இந்த எடைக்கு வாடகை இல்லை.

சான்று கேட்பது ஆய்வுலகின் கடமை, சான்றும் உண்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் 80,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, தசை வலுவூட்டும் பயிற்சி செய்வோரிடையே இறப்பு வீதம் குறைவாக இருப்பதைக் கண்டது. உடலெடையையே சுமையாகக் கொண்ட பயிற்சிக்கும் கூடத்தில் செய்யும் பயிற்சிக்கும் பலன் ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது. இது அவதானிப்பு ஆய்வு; காரணகாரிய உறவை இது மட்டுமே நிறுவிவிடாது. எனினும் ‘கூடமின்றேல் பலனில்லை’ என்று சொல்வோர் இதற்கு நிகரான சான்றொன்றை எதிர்த்தட்டில் வைக்கவேண்டும்.

வரலாறும் இதையே சொல்கிறது. தண்டாலும் பஸ்கியும் இத்துணைக்கண்டத்து மல்லர்களின் அன்றாடப் பயிற்சி. அமிர்தசரஸ் வட்டாரத்தில் பிறந்த காமா பயில்வான் 1910இல் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஷ்கோவை எதிர்கொண்டபோது, ஸ்பிஷ்கோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு ஒட்டிக் கிடந்து தற்காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1928இல் பாட்டியாலாவில் அவர்கள் மீண்டும் மோதியபோது, ஐம்பது வயதை ஒட்டியிருந்த காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார். அவர் நாளுக்கு எத்தனை ஆயிரம் பஸ்கி எடுத்தார் என்பதில் கதை கலந்திருக்கலாம். அவர் உடலை ஆக்கியவற்றுள் முதன்மையானவை தண்டாலும் பஸ்கியும் கோதாவின் மண்ணும் என்பதில் கதை இல்லை. இங்கிருந்த கர்லாக்கட்டையைக் கண்டு வியந்த ஆங்கிலேயப் படையினர் வழியாகவே அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், ‘இந்தியக் கட்டை’ என்ற பெயரில் அங்கே நாகரிகப் பயிற்சியானது.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வடநாட்டு அகாடாக்கள் பெரிதும் ஆண்களின் உலகம். காசி நகரத்து மல்லர்களைப் பற்றி ஜோசப் ஆல்டர் 1992இல் வெளியிட்ட இனவரைவியல் நூலைப் படித்தோர், அந்தப் பயிற்சியைச் சூழ்ந்திருந்த பிரம்மச்சரிய விதிகளையும் தேசிய ஆண்மைக் கனவுகளையும் அறிவர். அந்தச் சுமைகளை இறக்கிவைக்கலாம், பஸ்கியை எடுத்துக்கொள்ளலாம். குந்தி எழுவதற்குக் கொள்கை தேவையில்லை.

ஒரு விடுதி அறையில் ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள தரை போதும். ஒருநாள் விட்டு ஒருநாள், அரைமணி நேரம், ஐந்து அசைவுகள். முதலாவது பஸ்கி, இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து எழலாம். இரண்டாவது தண்டால், முதலில் சுவரில் கையூன்றி, பின் மேசை விளிம்பில், பின் தரையில், அதுவும் எளிதான பின் கால்களை நாற்காலியில் வைத்து. மூன்றாவது இழுத்தல், முதுகுப்பையில் புத்தகங்களை நிரப்பி, இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, பையை வயிற்றை நோக்கி இழுப்பது. முனைவர் பட்ட ஆய்வாளரின் அறையில் பத்துக் கிலோ புத்தகத்துக்குப் பஞ்சமிராது. நான்காவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. ஐந்தாவது தூக்கி நடத்தல். நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஏறக்குறைய 20 கிலோ.

இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்தி, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மும்முறை செய்தால் போதும். பதினைந்து முறை எளிதாக வரும்போது அடுத்த கடினத்துக்கு ஏறவேண்டும். எண்ணிக்கையை ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும்; களப்பணிக் குறிப்பு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், கருவுற்ற நிலை போன்றவை இருப்போர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நலம்.

மூச்சின் வலுவுக்குப் படிக்கட்டு உண்டு. ஜெர்ரி மாரிஸும் உடன் ஆய்வாளர்களும் 1953இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, அமர்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களைவிட இதயநோய் குறைவாக இருப்பதைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும் இரண்டு நாளாவது வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. எந்த வரியிலும் உறுப்பினர் அட்டையைக் கேட்கவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. ஒரே முறையில் தூக்கும் உச்ச எடையைக் கூட்டவேண்டுமானால் இரும்புத் தண்டும் தட்டுகளும் மேலானவை, மறுக்க முடியாது. ஆனால் தசை வளர்ச்சியைப் பொறுத்தவரை, சிறிய சுமையும் தசை தளரும் எல்லையை நெருங்கும்வரை செய்யப்பட்டால் பெருஞ்சுமைக்கு ஈடான பலன் தருகிறது. முதுகுத் தசைகளுக்கு ஏற்ற இழுக்கும் பயிற்சி வீட்டில் கடினம்; மைதானத்தில் ஓர் இரும்புக் குறுக்குக்கம்பி அந்தக் குறையைத் தீர்க்கும். பயிற்றுநர் இல்லையே என்பர். நல்ல பயிற்றுநர் பெரும்பேறுதான். சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் அத்தகையவர் வாய்க்கிறாரா என்பதைச் சந்தா கட்டியோரே சொல்லட்டும்.

ஆக, கூடம் விற்பது சுமையை. வலுவுக்குத் தேவையானவற்றுள் எங்கும் மலிவாகக் கிடைப்பது அதுவே. அரியவை மற்றவை: ஓய்வு, உணவு, நேரம், அஞ்சாமல் நடக்க ஓர் இடம். கூடத்துக்கு எதிரே எழும் கட்டடத்தில் செங்கல் சுமக்கும் பெண், உள்ளே இருப்போர் யாரைவிடவும் நாளுக்கு அதிக எடை தூக்குகிறார். அவர் உடல் பொலிவதில்லை, தேய்கிறது. ஏனெனில் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் இறக்கவும் அவருக்கு உரிமையில்லை. இரவு உணவிலும் உறக்கத்திலும் அந்தத் தேய்மானம் ஈடாவதில்லை. வேலைத்தலத்து உடலுழைப்பு, ஓய்வுநேரப் பயிற்சி தரும் நலனைத் தருவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் சுட்டியுள்ளன. சுமை மட்டும் வலுவாகாது என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் ‘வீட்டிலேயே செய்யுங்கள்’ என்ற அறிவுரையையும் ஐயத்தோடு பார்க்கவேண்டும். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024இல் வெளிவந்த ஆய்வின்படி, 2022இல் இந்திய வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. இந்த இடைவெளியைப் பெண்களின் சோம்பல் என்று விளக்குவோர் ஒரு பெண்ணின் நாளை மணிக்கணக்கில் எழுதிப் பார்த்ததில்லை. விடுதிக் கதவை இரவில் முன்னதாகப் பூட்டும் விதிகளுக்கு எதிராக 2015இல் டெல்லி மாணவியர் ‘பிஞ்ரா தோட்’ என்று, கூண்டை உடைக்கச் சொல்லித் தெருவுக்கு வந்தார்கள். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் உரிமையும் அந்தக் கோரிக்கைக்குள் அடங்கும். அறைக்குள் பஸ்கி எடுக்கலாம் என்பது, வெளியே ஓட விடமாட்டோம் என்பதற்குச் சமாதானம் ஆகக்கூடாது.

உணவும் அவ்வாறே. இந்திய ஊட்டச்சத்துப் பரிந்துரை, உடலெடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. நெட் தகுதி உதவித்தொகை பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். 2015இல் அதை நிறுத்த முயன்றபோது மாணவர்கள் டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் வாயிலில் அமர்ந்து போராடிக் காத்த தொகை அது. அதில் சந்தாவும் முட்டையும் போட்டியிட்டால் வெல்லவேண்டியது முட்டை. புரதப்பொடி டப்பாவுக்கு முன்னால் வேர்க்கடலையும் தயிரும் சுண்டலும் வரிசையில் நிற்கின்றன.

ஆகவே இரண்டு வேலைகள் ஒருசேர நடக்கவேண்டும். ஒன்று, யார் அனுமதியும் இன்றி இன்று மாலையே தொடங்கக்கூடியது: பத்து பஸ்கி, சுவரில் பத்துத் தண்டால், நான்கு மாடி ஏறி இறங்குதல். மற்றொன்று, சேர்ந்து கேட்கவேண்டியது: இரவிலும் விளக்கெரியும் மைதானம், பெண்களுக்கும் திறந்திருக்கும் வாயில், சில இரும்புக் கம்பிகள், உணவுக்கூடத்தில் நாள்தோறும் முட்டை அல்லது பருப்பு, ஞாயிற்றுக்கிழமையை விழுங்காத நெறியாளர். முதலாவதைச் செய்து பழகிய கால்கள், இரண்டாவதைக் கேட்க நெடுநேரம் நிற்கும்.