கணக்குப் பார்க்கிறவரை யார் தேர்ந்தெடுக்கணும்?

சேலம், நாமக்கல் சொந்தங்களே,

"அமெரிக்காவுல ஆடிட்டர் பதவிக்கே தேர்தல் நடக்குது, இங்க ஏன் இல்ல?"ன்னு நம்ம ஆளுங்க சில பேர் கேட்கறாங்க. கேட்க வேண்டிய கேள்விதான்.

2024 நவம்பர் 5, அதிபர் தேர்தல் அன்னிக்கே, பென்சில்வேனியா மாநில அரசின் தணிக்கையாளரையும் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தாங்க. குடியரசுக் கட்சியின் டிம் டிஃபோர் ரெண்டாவது முறையா ஜெயிச்சார். அதே நாள் மாசச்சூசெட்ஸ்ல, சட்டமன்றத்தோட கணக்கையும் மாநிலத் தணிக்கையாளர் பார்க்கலாம்னு 10-ல 7 பேர் ஓட்டுப் போட்டாங்க.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்சி வேட்பாளரா நின்னு, நிதி திரட்டி, பிரசாரம் பண்ணி ஜெயிச்சவர், தன் கட்சி ஆட்சியோட கணக்கை எவ்வளவு கறாரா பார்ப்பார்? நம்ம ஊர்ல இதுக்குத் தேர்தல் வெச்சா, தணிக்கையும் கட்சிச் சண்டையாத்தான் முடியும். அதனால தேர்தல் வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து.

அப்போ இப்ப இருக்கற முறை சரியா? அதுவும் இல்ல.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை (சிஏஜி) அரசியலமைப்பு 148-வது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். 6 வருஷம் அல்லது 65 வயசு வரைக்கும் பதவி. உச்ச நீதிமன்ற நீதிபதி மாதிரி, லேசுல நீக்க முடியாது. மத்திய அரசோட கணக்கு மட்டுமில்ல, தமிழ்நாட்டு அரசோட கணக்கும் இவர் தணிக்கையில்தான் வருது. பாதுகாப்பெல்லாம் பலமாத்தான் இருக்கு. ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கறது மத்திய அரசு மட்டுமே. தலைமைத் தகவல் ஆணையருக்குத் தேர்வுக் குழு இருக்கு, அதுல எதிர்க்கட்சித் தலைவரும் இருக்கார். சிஏஜிக்கு அப்படி எதுவும் இல்ல.

சங்ககிரி லாரி ஓனர் யாரையாவது கேட்டுப் பாருங்க. டீசல் கணக்கு, டிரிப் கணக்கு சரிபார்க்கிற ஆளை டிரைவரே வெச்சுக்கட்டும்னு விடுவாரா? டிரைவர் எவ்வளவு நேர்மையான ஆளா இருந்தாலும், அது முறை இல்லைன்னுதான் சொல்லுவார்.

இந்த நியமன முறையை மாத்தச் சொல்லிப் போட்ட வழக்குல, 2025 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. நாம கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு:

1. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அடங்கிய தேர்வுக் குழு.

2. தணிக்கை அறிக்கையை அவையில் வைக்கக் காலக்கெடு. 151-வது பிரிவு அறிக்கையை வைக்கணும்னு சொல்லுது, எத்தனை நாளுக்குள்ளன்னு சொல்லல.

யார் ஆட்சியில இருந்தாலும் இது பொருந்தணும். நாளைக்கு நாம கோட்டையில உட்கார்ந்தாலும்தான்.

டெல்லி, சென்னை பெரியவங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் 2019-ல தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. ஓட்டுப் போட்டு மாத்த ஆள் இல்லாத நேரத்துலதான் கணக்குக் கேட்கறது இன்னும் முக்கியம்.

1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியோட தணிக்கை அறிக்கைக்கு கிராம சபை ஒப்புதல் தரணும். அந்தக் கிராம சபை நீங்கதான். உங்க ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாப் போதும்.

ஆத்தூரோ, ராசிபுரமோ, பரமத்தியோ, அடுத்த கிராம சபைக்கு நாலு பேரா போங்க. வரவு செலவைச் சத்தமா படிக்கச் சொல்லுங்க. புரியலைன்னா மறுபடி கேளுங்க. கணக்கைக் கேட்டு முடிக்காம தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடாதீங்க.

#கணக்கு_கேட்போம்