நயமாகத் திருப்பியனுப்புதல்

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும், உயிருக்கு அஞ்சிய மக்கள் இந்திய எல்லையைக் கடந்து வரத் தொடங்கினர். மார்ச் 26 அன்று மணிப்பூர் அரசு எல்லை மாவட்டங்களுக்கு ஆணை அனுப்பியது: உணவும் உறைவிடமும் தர முகாம்கள் திறக்கக் கூடாது; அடைக்கலம் தேடி வருவோரை நயமாகத் திருப்பியனுப்ப வேண்டும். கண்டனம் எழுந்தபின், சில நாள்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

ஆயினும் அந்த 'நயமாக' என்னும் சொல்லை நாம் மறந்துவிடலாகாது. துப்பாக்கிக்குத் தப்பி வந்தவரை இன்சொல் கூறி அதே துப்பாக்கியின் முன் அனுப்புவது மாண்பைக் காப்பதாகாது. ஏன் வந்தாய் எனக் கேட்பதும், சொன்னதை ஆராய்ந்த பின்னரே முடிவெடுப்பதும்தான் மாண்பு.

எல்லையைக் காப்பது அரசின் உரிமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அரசமைப்பின் 21-ஆம் கூறு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. எனினும் 2021 ஏப்ரல் 8 அன்று, ஜம்முவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ரோஹிங்கியாக்களின் நாடுகடத்தலைத் தடுக்க அதே நீதிமன்றம் மறுத்தது. உரிய நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்று மட்டும் கூறியது. மே 3 அன்று மணிப்பூர் உயர் நீதிமன்றமோ, மியான்மரிலிருந்து வந்த எழுவர் தில்லி சென்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுகப் பாதுகாப்பாக வழிவிடச் சொன்னது.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. எனவே ஒருவரின் உயிர், எந்த ஆண்டில், எந்த நீதிமன்றத்தை அடைந்தார் என்பதைப் பொறுத்ததாகிறது. எல்லைக்கு வரும் எவரையும் விசாரிக்காமல் திருப்பக் கூடாது என்ற ஒற்றை விதியையேனும் சட்டமாக்கக் கோருவது, சட்டமும் அரசியலும் பயிலும் நமது கடமை.