டிரிப்யூனலுக்குப் போகுமுன்...

பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்து காலமாகிவிட்டார். குடும்ப பென்ஷன் கேட்டு மனுக் கொடுத்ததற்கு, "பதிவேட்டில் மனைவியின் பெயர் வேறாக உள்ளது, பரிசீலிக்க இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்ததாம். அது வந்து எட்டு மாதமாகிறது. "சென்னையிலே டிரிப்யூனலுக்குப் போகச் சொல்றாங்க அக்கா. வக்கீலுக்குக் கொடுக்க என் கிட்டே காதுத் தோடு ஒண்ணுதான் இருக்கு" என்று முடித்திருக்கிறார்.

தோட்டைக் கழற்ற வேண்டாம், சகோதரி! 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் கூட வேண்டியதில்லை. பெண் என்பதே போதும். கோர்ட்டுக்கு மட்டுந்தானே என்று கேட்பீர்கள். அந்தச் சட்டத்தில் 'கோர்ட்' என்ற சொல்லிலேயே டிரிப்யூனலும் அடக்கம்.

திருத்தணி கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வராதா? வாயால் சொல்லுங்கள், அவர்களே எழுதிக்கொள்வார்கள். சென்னையில் நடக்க வேண்டிய வழக்கானால் மனுவை உரிய இடத்துக்கு அனுப்பி வைப்பார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் விசாரிக்கலாம். நியமிக்கப்படும் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுப்பது ஆணையம். அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் குழுவிலேயே புகார் சொல்லுங்கள்.

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் 1985-ல் ஏற்பட்டது. ரயில்வே, தபால் இலாகா போன்ற மத்திய அரசு ஊழியர்களின் சர்வீஸ், பென்ஷன் வழக்குகள் அங்கேதான் போகும். மனுக் கட்டணம் 50 ரூபாய். (மாநில அரசு ஊழியர்களுக்கென்று தனியாக இருந்த தமிழ்நாடு தீர்ப்பாயம் 2006-ல் கலைக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்காரர் மாநில அரசுப் பள்ளி வாத்தியாராக இருந்தால் நேரே ஹைகோர்ட்தான். அங்கும் இலவச உதவி உண்டு.)

இனி தேதிக் கணக்கு. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. தவறிவிட்டால் காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். பென்ஷன் மாதாமாதம் சேரும் பாக்கி என்பதால் கதவு ஒரேயடியாக மூடிவிடாதுதான். ஆனால் ரொம்ப நாள் கழித்துப் போனால், பழைய பாக்கியில் மூன்று வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் கிடைக்காது. 2008-ல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஆகவே 'ஆடி கழியட்டும்' என்று இருக்க வேண்டாம்.

பெயர்க் குழப்பம் உங்கள் பக்கம் ரொம்ப சகஜம். 1960 ஏப்ரல் வரை பள்ளிப்பட்டு ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரு பதிவேட்டில் 'முனெம்மா', ரேஷன் கார்டில் 'முனியம்மா' என்று இருப்பதில் என்ன அதிசயம்! ஆனால் காகிதம் பார்ப்பவருக்கு அது இரண்டு பேர். அதனால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், பாங்க் பாஸ் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கணவரின் சர்வீஸ் பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டிக் கேட்டுப் பாருங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தமிழ், தெலுங்குக் காகிதங்களுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேண்டும். அதை வக்கீலிடம் முதல் நாளே ஞாபகப்படுத்துங்கள்.

விசாரணை என்றதும் சினிமாவில் வருகிற கூண்டை நினைத்துப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் காகிதங்களை வைத்து வக்கீல்கள் வாதாடுவதுதான். இலாகா பதில் மனுப் போடும், அதற்கு நம் தரப்பு மறுப்புப் போடலாம். அந்தப் பதிலின் நகலை வாங்கி, படித்த பிள்ளை யாரையாவது விட்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேதி, ஊர், பெயர் எங்கே தவறு என்று வக்கீலைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரே நாளில் முடியாது, வாய்தா போகும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் போக வேண்டுமா என்று முன்கூட்டியே வக்கீலைக் கேட்டுக்கொண்டால் ரயில் செலவாவது மிச்சம். போகிற நாளில் மறுப்புக் கடிதத்தின் அசலையும், அது வந்த தபால் உறையையும் எடுத்துப் போங்கள். உறையின் மேலிருக்கும் முத்திரைத் தேதிதான் உங்கள் ஒரு வருஷத்துக்குச் சாட்சி.